யார் எழுதிய ‘இல்லை’?

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் சாந்தோம் பேராலய வளாகத்தில் மதிலோரம் கிடக்கும் சிமெண்டு பெஞ்சில் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு வீடு திரும்புவது, பணி ஓய்வுக்குப் பின் நமக்கு அமைந்த பழக்கம். உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அடுத்த திருப்பலிக்கு வருவோரும் முதல் திருப்பலி முடிந்து போவோரும் வாசலில் நலம் விசாரித்துக் கொள்வார்கள். இந்தப் பழக்கத்தை அறிந்தவர்கள் சிலர் கையில் ஓர் உறையோடு வந்து அருகில் நிற்பார்கள். வங்கியிலிருந்து வந்தது, வாரியத்திலிருந்து வந்தது என்று ஏதேனும் ஒரு காகிதம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். நம் வேலை அவ்வளவுதான்.

அந்தத் தகுதி நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. மயிலாப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தோம். எங்கள் சீனியரின் கட்சிக்காரர்களில் காப்பீட்டு நிறுவனங்கள் பல உண்டு. காலமானவரின் குடும்பம் பணம் கேட்கும்; நிறுவனம் மறுக்கும்; குடும்பம் வழக்குப் போடும்; நிறுவனத்தின் பதில் மனுவை நாம் தட்டச்சு செய்வோம். தொடக்கத்தில் சீனியர் சொல்லச் சொல்லத்தான் அடித்தோம். பத்தாண்டு கழிந்தபின் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெயரையும் பாலிசி எண்ணையும் நோயையும் கொடுத்தால் போதும், மீதியை நம் விரல்களே எழுதிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நொச்சிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். ஒருநாள் விடியற்காலை வலையோடு கரையேறியவர் மணலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். பாலிசி எடுத்து 19 மாதம் ஆகியிருந்தது. ஐந்து லட்ச ரூபாய்.

“படிச்சுச் சொல்லுங்க சார். எம் பையன் படிச்சான். பணம் இல்லைன்னு மட்டும் சொல்றான். மீதி என்னா எழுதியிருக்குதுன்னு கேட்டா எழுந்து போயிடறான்.”

உறையைப் பிரித்தோம். இரண்டாவது பத்தியைப் படிக்கும்போதே அந்தப் பையன் ஏன் எழுந்து போனான் என்று புரிந்தது. காலமானவர் தமக்குச் சர்க்கரை நோய் இருந்ததை நன்கு அறிந்திருந்தும், வேண்டுமென்றே, மோசடி நோக்கத்துடன் மறைத்தார் என்று எழுதியிருந்தது. ஒரு மகன் தன் தாய்க்குப் படித்துக் காட்டக்கூடிய வாக்கியமா அது?

நமக்கு வேறொன்றும் உறைத்தது. அது நம் வாக்கியம். அந்தக் கடிதம் வந்த நிறுவனத்துக்கும் நமக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பில்லை. ஆனால் அந்த மூன்று சொற்றொடர்களையும், அதே வரிசையில், நூற்றுக்கணக்கான முறை நாமே தட்டச்சு செய்திருக்கிறோம்.

அவை எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 45-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பாலிசி எடுத்து ஈராண்டு கடந்துவிட்டால், விண்ணப்பத்தில் ஏதோ தவறாகச் சொல்லப்பட்டது என்பதற்காக மட்டும் நிறுவனம் அதை மறுக்க முடியாது என்று அது காவலாக நின்றது. ஆனால் அதற்கு ஒரு விலக்கும் வைத்தது. 1962-இல் மிதூலால் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை மூன்று நிபந்தனைகளாகப் பகுத்துக் காட்டியது. மறைக்கப்பட்ட செய்தி முக்கியமானதாக இருக்க வேண்டும்; மோசடியாக மறைத்திருக்க வேண்டும்; மறைக்கும்போதே அது பொய்யென்றோ முக்கியமானதென்றோ அவர் அறிந்திருக்க வேண்டும். மகாஜன் தேவ்லால் என்பவரின் ஆயுள் மீது 1945-இல் எடுக்கப்பட்ட 25,000 ரூபாய் பாலிசி அது. அவர் 1946-இல் இறந்தார். வழக்கு முடிய 1962 ஆயிற்று. பாலிசியை எழுதி வாங்கியிருந்த நாயக் தோற்றார்.

நிறுவனம் மூன்றையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது பாலிசிதாரரைக் காப்பதற்கு. எங்களைப் போன்றவர்கள் அதை என்ன செய்தோம்? மூன்றையும் சமையலுக்கு உப்பு, புளி, மிளகாய் போல ஒவ்வொரு பதில் மனுவிலும் போட்டுவிட்டோம். ஈராண்டுக்குள் நேர்ந்த மரணமானால் அந்தச் சொற்கள் தேவையே இல்லை, அப்போதும் போட்டோம். இருக்கட்டுமே என்று.

அந்த அம்மாளிடம் முழுவதையும் சொல்லவில்லை. “சர்க்கரை இருந்ததைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்” என்றோம். அவர் திகைத்துப் போனார். “அவருக்கா? சர்க்கரையா?” என்று இரண்டு முறை கேட்டார்.

மறுவாரம் பாலிசிப் பத்திரம் இருந்த பிளாஸ்டிக் உறையை அப்படியே கொண்டு வந்தார். அதற்குள்ளேயே விண்ணப்பப் படிவத்தின் நகலும் இருந்தது. பத்திரத்தோடு சேர்த்து அதை அனுப்ப வேண்டும் என்பது விதி, அனுப்பியிருந்தார்கள், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் வீடுகளில் பிரித்துப் பார்ப்பவர் யார்? பீரோவில் வைத்துப் பூட்டினால் கடமை முடிந்தது என்றுதானே இருக்கிறோம்.

இப்போது பல நிறுவனங்கள் கைக்கணினியிலேயே படிவத்தை நிரப்பி, கைப்பேசிக்கு வரும் எண்ணையே கையெழுத்தாகக் கொள்கின்றன. இது பழைய முறைக் காகிதம். அனைத்தும் ஆங்கிலம். உடல்நலம் பற்றிய கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எதிரே ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. எண்ணிப் பார்த்தோம்; பதினொன்று. பக்கத்தின் அடியில் கறுப்பு மையில், தமிழில், நடுங்கி நடுங்கி எழுதிய ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே, கேள்விகளை இவருக்குத் தாய்மொழியில் விளக்கிச் சொன்னோம் என்று ஒருவர் ஒப்பமிட்டிருந்தார். அந்தப் பெயரை அம்மாள் கேள்விப்பட்டதே இல்லை.

நிறுவனம் சான்றாக வைத்திருந்தது ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளி சீட்டு. பாலிசிக்கு நான்கு மாதம் முந்தைய தேதி. காலில் சிப்பி வெட்டிய புண்ணுக்குக் கட்டுப் போடப் போனவரிடம் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்திருக்கிறார்கள். ஓர் எண்ணும், பத்து நாளுக்கு ஒரு மாத்திரையும் அதில் எழுதியிருந்தன. அந்த எண்ணின் பொருளை மருத்துவர் சொன்னாரா, சொல்லியிருந்தால் இவர் விளங்கிக் கொண்டாரா, விளங்கியிருந்தால் அதைப் படிவம் எழுதியவரிடம் சொன்னாரா? மூன்றுக்கும் விடை தெரிந்தவர் மணலில் சாய்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

இத்தகைய வழக்குகளின் உட்பொருள் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. இறந்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை இருப்பவரிடம் கேட்கிறார்கள். இந்தப் பேராலயத்துக்குப் பெயர் தந்த தோமாவும் ஆதாரம் கேட்டவர்தான்; ஆனால் அவர் யாரிடம் கேட்டாரோ அவர் நேரில் வந்து காயத்தைக் காட்ட முடிந்தது.

காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் வஞ்சகம் செய்கின்றன என்று எழுதிவிடுவது எளிது, உண்மையன்று. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொதுப்பணம் அது. ஒருவர் நோயை மறைத்து எடுத்துச் செல்வது நிறுவனத்தின் பணத்தை அல்ல, அடுத்த வீட்டுக்காரர் கட்டிய தவணையை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபின் நான்கு இடங்களில் பாலிசி எடுத்தவரின் கோப்பை நாமே கையாண்டிருக்கிறோம். 2020-இல் தல்பீர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பாலிசி எடுத்த ஒரு மாதத்துக்குள் மகன் இறந்திருந்தார். கடும் நோய்க்குச் சிகிச்சை பெற்றது மறைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அத்தாய்க்கு எழுபது வயது, மகனையே நம்பியிருந்தவர் என்பதை எண்ணி, முன்பே கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறக்கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. சட்டம் நிறுவனத்துக்கு, பணம் தாய்க்கு. அந்தத் தீர்ப்பில் நமக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

கேரளத்து பி.சி. சாக்கோ வழக்கும் இப்படித்தான். 1987 பிப்ரவரியில் பாலிசி, ஜூலையில் மரணம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தைராய்டுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது; அறுவை சிகிச்சை உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்தது. 2007-இல் குடும்பம் தோற்றது. கழுத்தில் கத்தி பட்டதை ஒருவர் மறந்திருக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் காலில் சிப்பி பட்டபோது யாரோ சீட்டில் எழுதிய எண் அப்படிப்பட்டதா? 2015-இல் சுலபா மோதேகாவ்ங்கர் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், முதுகெலும்பு நோயை மறைத்தவர் மாரடைப்பால் இறந்ததற்குப் பணத்தை மறுக்க முடியாது என்றது. அந்த நோய் உயிரை மாய்க்கும் நோயும் அன்று, அந்த மரணத்துக்குக் காரணமும் அன்று என்பது அதன் கருத்து. நம் அம்மாளின் கணவர் நிலை இரண்டுக்கும் நடுவில் நின்றது. சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் உறவில்லை என்று யாரும் சொல்ல முடியாதே.

எங்கள் சீனியர் வாதத்தைத் தொடங்கும்போதெல்லாம் கார்ட்டர் – போம் வழக்கைச் சொல்லாமல் இருக்கமாட்டார். 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு தந்த தீர்ப்பு. காப்பீடு என்பது முழு நன்னம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம், தெரிந்ததை மறைக்கலாகாது என்ற கோட்பாட்டுக்கு ஊற்றுக்கண். சுமத்திராவில் ஆங்கிலேயரின் மார்ல்பரோ கோட்டைக்கு ஆளுநராக இருந்த கார்ட்டர், கோட்டை பகைவர் கையில் விழுந்தால் இழப்பீடு என்று காப்பீடு எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் தெஸ்தேங் பிரபு அதைப் பிடித்துவிட்டார். (இந்த தெஸ்தேங் நம் ஊருக்குப் புதியவர் அல்லர். 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர் அவர்தான்.) கோட்டை வலுவற்றது என்பதை மறைத்தார் என்று சொல்லி, காப்பீடு கொடுத்த போம் பணம் தர மறுத்தார்.

முப்பது ஆண்டுகள் அந்த வழக்கின் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறோம். யார் வென்றார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பின்னரே முழுத் தீர்ப்பையும் படித்தோம். கார்ட்டர்தான் வென்றார். காப்பீடு கொடுப்பவனும் கேட்டறிய வேண்டியதைக் கேட்டறிய வேண்டும். தானே அறியக்கூடியதை அறியாமல் பணத்தை வாங்கிக்கொண்டு, பின்னர் மறைத்தான் என்று சொல்லக்கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. நாங்கள் பாதியைத்தான் மேற்கோள் காட்டினோம்.

அம்மாளின் கதைக்கு வருவோம். படிவத்தை நிரப்பிய முகவர், பட்டினப்பாக்கத்தில் இருக்கும் ஓர் இளைஞர். வரவழைத்துப் பேசினோம். கெட்டவர் அல்லர். ஏன் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டாய் தம்பி என்று கேட்டபோது, மறைக்காமல் சொன்னார்: “‘ஆமாம்’னு ஒண்ணு போட்டா டெஸ்ட்டு எடுக்கச் சொல்லுவாங்க சார். ஒரு மாசம் இழுக்கும். பிரீமியம் கூடும். பார்ட்டி வேணாம்னுடுவாரு.” கேள்விகளைப் படித்துக் காட்டினாயா என்றதற்கு, “உடம்பு நல்லா இருக்குதில்லன்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்குதுன்னாரு” என்றார்.

பதினொரு கேள்விகள் ஒரு கேள்வியாகச் சுருங்கிய கதை அது. அந்த ஒரு கேள்விக்கு அந்த மீனவர் சொன்ன பதிலில் பொய் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்குப் படகு தள்ளுகிறவன் தன் உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதானே நம்புவான்.

பழைய காலமாக இருந்திருந்தால் இந்த உரையாடலால் பயன் இருந்திராது. விண்ணப்பத்தை முகவரே நிரப்பினாலும் அந்த நேரத்தில் அவர் விண்ணப்பதாரரின் கையாளே, கையெழுத்துப் போட்டவரே அனைத்துக்கும் பொறுப்பு என்பது நாங்கள் வாதாடிய கட்சி. 1929-இல் இங்கிலாந்தில் நியூஷோம் வழக்கில் அப்படித் தீர்ப்பும் உண்டு. முகவரிடம், அனைத்தையும் படித்துக் காட்டிப் புரியவைத்தே எழுதினேன் என்று ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுவோம். அந்த வாக்குமூலங்களையும் நாமே தயார் செய்து, கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறோம். அவர்கள் படித்துப் பார்க்காமல் போட்டார்கள். அவர்களுக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

2015-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 45-ஆம் பிரிவை மாற்றி எழுதியது. ஈராண்டு, மூன்றாண்டு ஆயிற்று; ஆனால் மூன்றாண்டு கடந்துவிட்டால் எக்காரணம் கொண்டும், மோசடி என்று சொல்லியும்கூட, பாலிசியை மறுக்க முடியாது. மூன்றாண்டுக்குள் மறுப்பதானால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டும். மோசடி அல்லாத தவறான கூற்று என்றால், கட்டிய தவணையைத் 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்றால் அதுவும் இல்லை. அதனால்தான் கடிதத்தில் மோசடி என்ற சொல் அத்தனை எளிதில் வந்து உட்கார்ந்து கொள்கிறது என்பது நம் ஐயம்.

அந்தப் பிரிவில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வேண்டுமென்று மறைக்கவில்லை என்று காட்டினால் மோசடி ஆகாது. ஆனால் பாலிசிதாரர் உயிரோடு இல்லையென்றால் அதைக் காட்டும் பொறுப்பு பயனடைவோரைச் சேரும் என்கிறது ஒரு வரி. கைம்பெண்ணின் தலையில் சுமையை வைக்கும் வரி. அதற்குக் கீழே விளக்கம் என்ற தலைப்பில் மற்றொன்று: காப்பீட்டைக் கேட்டுப் பேசி முடிப்பவர், ஒப்பந்தம் உருவாகும் அளவில், நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார். அந்த நீல மைப் பேனா யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு எண்பது ஆண்டு கழித்துச் சட்டம் சொன்ன விடை அது. முதல் வரியை நிறுவனங்கள் அறிந்திருக்கின்றன. இரண்டாவது வரியை நம் மக்கள் அறியவில்லை.

“அதை எழுதிக் கொடுப்பாயா தம்பி?” என்று கேட்டோம். இளைஞர் தலை குனிந்தார். “ஏஜென்சி போயிடும் சார்.” அவரை வற்புறுத்த நமக்கு என்ன தகுதி? அனுப்பி வைத்தோம்.

அந்த வாரங்களில் பெஞ்சுக்கு வேறு சிலரும் வந்தார்கள். சீனிவாசபுரத்து மனிதர் ஒருவருக்குப் படகு இயந்திரத்தில் சிக்கிய வலக்கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. 2015-இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டியிருந்தார். ஒரு கை முழுமையாகப் பயனிழந்தால் ஒரு லட்சம். மருத்துவச் சான்றோ 45 விழுக்காடு என்றது, பணம் இல்லை. 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடக்கையை இழந்த ஒரு தச்சருக்கு, ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே அவர் உழைப்பு முழுவதுமே போயிற்று என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அங்கே அளப்பது பிழைப்பை. இங்கே அளப்பது உறுப்பை. வலையை இழுக்க முடியாத கை 45 விழுக்காடு கையா என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

இன்னொருவர் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி. கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. ஏழாண்டு ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 111-ஆம் பிரிவு. இறந்தார் என்று கருதலாம் என்கிறதே தவிர, என்று இறந்தார் என்று சொல்லவில்லை. 2004 மார்ச் 26 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் – அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று: காணாமற்போன அன்றே இறந்தார் என்று சட்டம் ஊகிக்காது; அப்படிச் சொல்பவர் மெய்ப்பிக்க வேண்டும்; அதுவரை தவணை கட்டிப் பாலிசியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் சொல்லில் பிழையில்லை. சம்பாதித்தவன் போனபின் ஏழாண்டு தவணையை யார் கட்டுவது என்பது சட்டத்தின் கவலை அன்று. சரியாக ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அப்போது காணாமற்போனோருக்கு ஏழாண்டு காத்திராமல் இறப்புச் சான்று வழங்க அரசு வழி செய்தது. ஆயிரக்கணக்கானோரைக் கடல் ஒரே நாளில் கொண்டுபோனால் காலக்கெடு தளர்கிறது. ஒருவனை மட்டும் கொண்டுபோனால் அவன் தாய் காத்திருக்க வேண்டும்.

நாம் ஏன் இந்தப் பெஞ்சில் உட்காருகிறோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1991-ஆக இருக்கலாம். நுகர்வோர் மன்றத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி போட்ட வழக்கு. ஆசிரியர் காசநோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றதைச் சொல்லவில்லை. வழக்கமான பதில் மனு, வழக்கமான மூன்று சொற்றொடர்கள். நகல் அந்த அம்மையாருக்குப் போயிற்று. சில நாளில் அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் 26 ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், அவர் மோசடி செய்தார் என்று எழுதியவர் அவரைப் பார்த்ததுண்டா என்று மட்டும் கேட்டிருந்தார். சீனியர் படித்துவிட்டு, கோப்பில் சேர் என்றார். சேர்த்தோம். அந்த வழக்கில் எங்கள் கட்சி வென்றது. அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்களுக்கு இனிப்புப் பெட்டி வந்தது.

2000 டிசம்பரில் ஆஷா கோயல் வழக்கின் தீர்ப்பு வந்தபோது சீனியர் அதைப் படிக்கச் சொன்னார். கணவர் இறந்தது 1980 டிசம்பரில். தீர்ப்பு வந்தது சரியாக இருபது ஆண்டு கழித்து. கோரிக்கைகளை எந்திரம் போல, வழக்கமான பாணியில் மறுக்கக்கூடாது, மிகுந்த கவனத்தோடும் எச்சரிக்கையோடும் முடிவு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் அதில் கூறியிருந்தார்கள். அதைப் படித்தபோது அஞ்சலட்டை நினைவுக்கு வந்தது. மறுநாளும் அதே மூன்று சொற்றொடர்களையே தட்டச்சு செய்தோம்.

நொச்சிக்குப்பத்து அம்மாளுக்கு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தோம். அதே பதில் வந்தது. பின்னர், அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு மனு. 1998-ஆம் ஆண்டு விதிகளால் வந்த அமைப்பு இது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞருக்கு இடம் கிடையாது, நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும், 2023 முதல் 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். தீர்ப்பு நிறைவளிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையும் பறிபோவதில்லை. வழக்கறிஞருக்கு இடமில்லை என்ற விதியைத் தாளில் எழுதும்போது, வழக்கறிஞர் அலுவலகச் சோறு தின்ற நமக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது.

மனு அனுப்புவதற்கு முதல் நாள் மாலை, முகவராக இருந்த அந்த இளைஞர் நம் வீட்டுக்கு வந்தார். ஒரு தாளை நீட்டினார். கேள்விகளை நான் படித்துக் காட்டவில்லை, விடைகளை நானே எழுதினேன் என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அடியில் ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்ற சொல்லைப் பதினொரு முறை எழுதியிருந்தார். ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளட்டும் என்று. யார் சொல்லி இதைச் செய்தார் என்று நாம் கேட்கவில்லை. அவருடைய தாயும் காலை மீன் ஏலத்தில் அந்த அம்மாளுக்குப் பக்கத்திலேயே கூடை வைக்கிறவர் என்று பின்னால் தெரிந்தது.

விசாரணைக்கு அம்மாளும் மகனும் மட்டும் போனார்கள். உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்களாம். “இந்தக் கடுதாசி வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்று சொன்னாராம். வேறு அதிகம் கேட்கவில்லை என்றார்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உறையோடு பெஞ்சுக்கு வந்தார். இம்முறை மகனும் உடன் வந்தான். முழுத் தொகையும் கொடுக்க வேண்டும், 30 நாளுக்குள். படித்துச் சொன்னோம். மகன் கண்ணைத் துடைத்துக் கொண்டான். அம்மாள் மட்டும் அசையாமல் நின்றார்.

“சார், முன்னாடி கடுதாசில அவரு ஏமாத்துனாருன்னு எழுதியிருந்தாங்களாமே. பையன் இப்பதான் சொன்னான். அது என்னாச்சு?”

தாளைத் திரும்பப் பிரித்தோம். நான்காம் பக்கத்தில் இருந்தது. காலமானவர் வேண்டுமென்று மறைத்தார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தோம். தமிழில் சொன்னோம். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னோம். அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். விரலை வைத்துக் காட்டினோம். அவர் தம் விரலை அதன் அடியில் வைத்து, வரியின் கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டு, தாளை மடித்து மகன் கையில் கொடுத்தார்.